ஸ்க்ரீனில் நூற்றுக்கு நூறு... அடுப்படியில்?

வீட்டு விபத்துகளிலிருந்து பிள்ளைகளைக் காக்க வீடியோ கேம் கைகொடுக்குமா? கொடுக்கும். எந்த விபத்துக்கு, எந்த வயதில், யார் கையில் என்று கேட்டுக்கொண்டால்!

கம்ப்யூட்டர் திரையில் ஒரு வீட்டுக் கூடம். மூலையில் நீல நிற நாய் ஒன்று சுருண்டு படுத்துத் தூங்குகிறது. தட்டிக்கொடுக்கப் போகலாமா, தூங்கட்டும் என்று விட்டுவிடலாமா? மவுஸைப் பிடித்துக்கொண்டு நாலு வயது வாண்டு ஒன்று யோசிக்கிறது. போனால் நாய்க்குக் கோபம் வரும் என்பது முந்தின ஆட்டத்தில் பட்டுத் தெரிந்த பாடம். விட்டுவிடுகிறது. சபாஷ்! அடுத்த காட்சியில் நாய் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. இப்போதும் கிட்டப் போகவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த கட்டத்தில் திரை கிடையாது. ஒரு நிஜ அறை. உள்ளே ஒரு நிஜ நாய், குழந்தைக்கு முன்பின் பழக்கம் இல்லாதது. திரையில் வரிசையாகச் சரியாகத் தட்டிய வாண்டு இங்கே என்ன செய்யும்?

2012-இல் வெளியான ஓர் ஆய்வு இதைத்தான் சோதித்துப் பார்த்தது. அமெரிக்காவின் பர்மிங்ஹாமில் இருக்கும் அலபாமா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஷ்வெபல், கனடாவின் கெல்ஃப் பல்கலைக்கழகத்தின் பார்பரா மோரொஞ்சியெல்லோ ஆகிய உளவியலாளர்களின் குழு, மூன்றரை முதல் ஆறு வயது வரையிலான 76 குழந்தைகளை எடுத்துக்கொண்டது. ஒரு பிரிவுக்கு ‘ப்ளூ டாக்’ என்கிற இந்த நாய் கேம். இன்னொரு பிரிவுக்கு வேறொரு கேம். பிறகு படங்களைக் காட்டி எது ஆபத்து என்று கேட்டபோது, நாய் கேம் ஆடிய பிள்ளைகள் மற்றவர்களைவிட நன்றாகவே கண்டுபிடித்தார்கள். நிஜ நாயின் பக்கத்தில் விட்டபோது? இரண்டு பிரிவுக்கும் வித்தியாசமே இல்லை!

“எப்படியும் போனைக் கீழே வைக்க மாட்டேங்கறான். அதிலேயே உருப்படியா எதையாவது கத்துக்கட்டுமே” என்று சொல்லாத வீடு இன்றைக்கு அபூர்வம். தீயணைப்பு கேம், ஆஸ்பத்திரி கேம், பூகம்பம் வந்தால் என்ன செய்வது என்கிற கேம் என்று ஆப் ஸ்டோரைத் திறந்தால் வரிசைகட்டி நிற்கின்றன. அவற்றை டவுன்லோடு செய்யும் முன் அந்த நாய் அறையில் நடந்ததை ஒவ்வொரு பெற்றோரும் தெரிந்துகொள்வது நல்லது.

தீயில் பாஸ், நாயில் ஃபெயில்

அந்த இன்னொரு பிரிவுக்குக் கொடுத்தது தீ விபத்து பற்றிய கேம். ‘தி கிரேட் எஸ்கேப்’ என்கிற தீ விபத்து கேமைப் பற்றி இதே குழு அதே ஆண்டில் தனியாகவும் ஓர் ஆய்வை வெளியிட்டது. அதே வயதுப் பிள்ளைகள். வீட்டிலேயே சில வாரம் ஆடினார்கள். இங்கே முடிவு வேறு மாதிரி வந்தது. தீயைப் பற்றிய அறிவும் கூடியிருந்தது. ஒரு பொம்மை வீட்டைக் கொடுத்து, ‘தீப்பிடித்துவிட்டது, நீ என்ன செய்வாய், செய்துகாட்டு’ என்றபோது செய்கையிலும் முன்னேற்றம் தெரிந்தது.

ஏன் இப்படி? என் கணிப்பு இது. தீ என்பது படிப்படியான வேலை. வெளியே ஓடு, ஒளிந்துகொள்ளாதே, பொம்மையை எடுக்கத் திரும்பிப் போகாதே, பெரியவரைக் கூப்பிடு. கேம் என்றாலே ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் செய்வதுதான் என்பதால் அது இங்கே ஒத்துப்போகிறது. நாய் விஷயத்தில் செய்ய வேண்டியது எதுவும் கிடையாது. சும்மா இருக்க வேண்டும். புசுபுசுவென்று ஒரு வால் எதிரே ஆடும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க நாலு வயதுக்கு முடியாது. ஆசையை அடக்குவதை ஒரு கேம் சொல்லிக்கொடுத்துவிடும் என்று எதிர்பார்ப்பது அதிகம்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தீ கேம் ஜெயித்தது பொம்மை வீட்டில்தான். நிஜப் புகைக்குள் குழந்தையை அனுப்பிச் சோதிக்க யாராலும் முடியாது. ஆகவே ‘கேம் ஆடிய குழந்தை தீயில் தப்பிக்கும்’ என்று எந்த ஆப் விளம்பரம் செய்தாலும் அதைப் பாதிதான் நம்ப வேண்டும்.

தெரிந்தது செய்கைக்கு வராத கதை நாயோடு முடியவில்லை. அமெரிக்க வீடுகளில் நம் வீட்டு அரிவாள்மனை மாதிரி சாதாரணமாக இருப்பது துப்பாக்கி. துப்பாக்கியைக் கண்டால் தொடாதே, விலகிப் போ, பெரியவரிடம் சொல் என்று கார்ட்டூன் கழுகு ஒன்றை வைத்து அங்கே ‘எட்டி ஈகிள்’ என்றொரு பிரசாரம் 1988-இலிருந்து நடக்கிறது. நாலைந்து வயதுப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்து 2004-இல் ஒரு சோதனை நடந்தது. கேட்டபோது பிள்ளைகள் வாசகத்தைத் தடங்கல் இல்லாமல் ஒப்பித்தார்கள். யாரும் பக்கத்தில் இல்லாதபோது துப்பாக்கியைக் கண்டதும் ஒப்பித்ததைச் செய்யவில்லை. தொடாதே என்று சொன்னதோடு நிறுத்தாமல் செய்துகாட்டி, செய்ய வைத்து, தப்பாகச் செய்தால் அந்த இடத்திலேயே திருத்தியபோதுதான் பாடம் கைக்கு வந்தது.

ஷ்வெபலின் மற்றொரு ஆய்வும் இதையே காட்டுகிறது. 2014-இல் வெளியானது. ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகள் 231 பேருக்கு ரோட்டைக் கடக்கப் பயிற்சி. சிலரைப் பெரியவர்கள் தெருவோரம் அழைத்துப் போய்ப் பழக்கினார்கள். சிலர் மெய்நிகர் சாலையில், வண்டிகள் வருவதும் போவதுமான திரைகளுக்கு நடுவே நின்று பழகினார்கள். சிலர் வீடியோவும் இணையதளமும் பார்த்தார்கள். முதல் இரண்டு முறைகளாலும் பலன் இருந்தது. உட்கார்ந்து பார்த்தவர்கள் பெரிதாக முன்னேறவில்லை.

கருவில் இருக்கும்போதே மதுவால் பாதிக்கப்பட்டு, கற்றலில் சிரமப்படும் பிள்ளைகளுக்கும் கேம் உதவியிருக்கிறது. அமெரிக்காவில் 4 முதல் 10 வயது வரையிலான அப்படிப்பட்ட 32 பிள்ளைகளுக்குத் தீ, சாலைப் பாதுகாப்பு கேம்களைக் கொடுத்து 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆடிய கேமில் கற்றதைப் பெரும்பாலானோர் திரைக்கு வெளியேயும் செய்துகாட்டினார்கள். அலுக்காமல், திட்டாமல், ஒரே பாடத்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் நடத்தும் வாத்தியார் கம்ப்யூட்டர் என்பது இந்த இடத்தில் பெரிய விஷயம்.

பெட்டிச் செய்தி: ஒரு நாளைக்கு 2,000

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் சேர்ந்து 2008-இல் குழந்தைகளின் காயங்கள் பற்றி உலக அறிக்கை ஒன்றை வெளியிட்டன. தற்செயல் விபத்துகளில் ஆண்டுக்குச் சுமார் 8,30,000 பிள்ளைகள் சாகிறார்கள் என்றது அது. நாளொன்றுக்கு 2,000-க்கும் மேல். முதல் ஐந்து காரணங்கள்: சாலை விபத்து, நீரில் மூழ்குதல், தீயும் கொதிநீரும், விழுதல், நஞ்சு. இவற்றில் சாலையை விட்டால் மற்ற நான்கும் வீட்டுக்குள்ளோ வாசலிலோ நடக்கக்கூடியவை. சாவுகளில் நூற்றுக்கு 95 நம்மைப் போன்ற ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் நடப்பவை.

அந்த கேமில் நம் வீடு இல்லை

வெளிநாட்டில் செய்த தீ கேம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கூரையில் புகை அலாரம் கத்தும். பிள்ளை படுக்கையறைக் கதவைத் தொட்டுச் சூடு பார்க்கும். மாடிப்படி இறங்கி, புல்வெளியில் தபால் பெட்டிப் பக்கம் போய் நிற்கும். அருமையான பாடம்தான். ஆனால், நம் வீட்டுக் கூரையில் கத்துவதற்கு என்ன இருக்கிறது, பல்லியைத் தவிர?

நம் வீட்டு ஆபத்துகளுக்கு முகம் வேறு. குளிப்பாட்டத் தயாராக இருக்கும் பிளாஸ்டிக் வாளியையே பாருங்கள். பலரும் கொதிக்கிற வெந்நீரை முதலில் ஊற்றிவிட்டு, விளாவுவதற்குப் பச்சைத் தண்ணீர் பிடிக்கப் போவார்கள். அந்த அரை நிமிடத்தில்தான் பிள்ளை பின்பக்கமாக நகர்ந்து வந்து வாளிக்குள் உட்காரும். 60 டிகிரி தண்ணீரில் பெரியவர் தோலே ஐந்து நொடியில் ஆழமாக வெந்துவிடும். குழந்தைத் தோலுக்கு அதுவும் தேவையில்லை. பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றி, வெந்நீரைப் பிறகு கலந்தால் தீர்ந்தது. செலவு ஒரு பைசா கிடையாது. இதைச் சொல்லித்தரும் கேம் எந்த வெள்ளைக்கார வீட்டுக்கும் தேவைப்படாது, அங்கே குழாயைத் திருகினால் போதும்.

பந்தியில் தரையில் இறக்கி வைத்த சாம்பார் அண்டா. சோடா பாட்டிலில் ஊற்றி வைத்த மண்ணெண்ணெய். பூஜை அலமாரியில் கற்கண்டு மாதிரியே மின்னும் கற்பூரம். அதைப் பிள்ளை வாயில் போட்டுக்கொண்டால் சற்று நேரத்திலேயே வலிப்பு வரக்கூடும். சளிக்கு நல்லது என்று பச்சைக் குழந்தைக்குப் புகட்டும் வேப்பெண்ணெய். பக்கெட்டில் ஹீட்டர் ராடைப் போட்டுவிட்டு டிவி பார்க்கப் போவது. மூடி நகர்ந்து கிடக்கும் சம்ப். தேங்காய்ச் சில்லில் தடவி மூலையில் வைத்த எலி பேஸ்ட்.

தூளியைத் தனியாகச் சொல்ல வேண்டும். கைக்குழந்தை தூங்கக் கட்டிய சேலையை, குழந்தை வளர்ந்த பிறகும் பல வீடுகளில் அவிழ்ப்பதில்லை. பெரிய பிள்ளைகளுக்கு அது ஊஞ்சல். முறுக்கி முறுக்கிச் சுற்றிவிட்டு விடுவது ஒரு விளையாட்டு. அந்த முறுக்கில் கழுத்து மாட்டிச் செத்த சிறுமிகள், சிறுவர்கள் பற்றிய செய்தி மாவட்டப் பக்கங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. விடுமுறைக் காலத்தில், பெற்றோர் வேலைக்குப் போன பகலில். எட்டு, ஒன்பது, பத்து வயது. இது கேம் பிடிபடும் வயது! முறுக்கினால் என்ன ஆகும் என்பதைப் பயமுறுத்தாமல் ஒரு ஆட்டத்தில் காட்ட முடியும். வெளிநாட்டில் யாரும் இதைச் செய்யப் போவதில்லை. அவர்களிடம் தூளி இல்லை.

விளையாடத் தெரியாத வயதில்தான் வேகிறது

இந்தக் கட்டுரையின் தலைவலியான இடம் இது. சூடான டீ, ரசம், வெந்நீர் ஆகியவற்றால் அதிகம் பாதிக்கப்படுவது தவழ்ந்து, தத்தித் தத்தி நடக்கும் பருவம். ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை கையில் எட்டுவதையெல்லாம் இழுக்கும் காலம். இந்த வயதுக்கு எந்த கேமும் உதவாது. இரண்டு, இரண்டரை வயது வரை திரையில் பார்த்துக் கற்பது நேரில் பார்த்துக் கற்பதைவிடக் குறைவு என்று குழந்தை உளவியலாளர்கள் காட்டியிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதலும் ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்கிறது. இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது.

அப்படியானால் யாருக்கு கேம்? ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் இதற்கு ஒரு நல்ல விடை கண்டுபிடித்தார்கள்: அம்மாவுக்கு! ‘கூல் ரன்னிங்ஸ்’ என்று ஓர் ஆப். 5 முதல் 12 மாதக் குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களின் செல்போனில் போட்டுக்கொடுத்தார்கள். சூடான பானம் குழந்தை மேல் கொட்டுவதைப் பற்றிச் சின்னச் சின்ன வீடியோக்கள், கேள்விகள், பார்த்தால் புள்ளி, புள்ளி சேர்ந்தால் பரிசு. ஆறு மாதத்துக்குப் பின் சோதித்தபோது, எந்த நேரத்தில், எப்படிச் சுடும் என்பதும், சுட்டால் முதலுதவி என்ன என்பதும் ஆப் ஆடிய தாய்மார்களுக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

இங்கேயும் அளந்தது அறிவைத்தான் என்பதைச் சொல்லிவிடுவது நியாயம். என்றாலும், ஒரு வயதுப் பிள்ளையின் கை எட்டாத இடத்துக்கு டீ டம்ளரை நகர்த்தக்கூடிய ஆள் பெரியவர்தான். அவருக்குத் தெரிந்தால் காரியம் பாதி நடந்துவிடும். எனக்குக் குறை ஒன்று உண்டு. ஏன் அம்மாவுக்கு மட்டும்? அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் கையில் போன் இருக்கிறது. மடியில் பேரனை வைத்துக்கொண்டு காபி குடிக்கும் பழக்கம் தாத்தாக்களுக்குத்தான் அதிகம்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. குழந்தையைக் காக்கும் ஆப்பில் அம்மா மூழ்கிப்போய்விட்டால் அந்த நேரத்தில் குழந்தையைப் பார்ப்பது யார்? மோரொஞ்சியெல்லோ பல ஆண்டுகளாக வலியுறுத்துவது மேற்பார்வையைத்தான். விதி தெரிந்த பிள்ளையும் அடிபடுகிறது. பெரியவர் பார்வையில் இருக்கும் பிள்ளைக்கு அடி குறைவு. பங்களாதேஷ் கிராமங்களில் குளத்தில் விழுந்து சாகும் சின்னக் குழந்தைகளைக் காக்கக் கடைசியில் பலன் தந்தது எது தெரியுமா? வீட்டு வேலை நெருக்கும் முற்பகல் நேரத்தில் குழந்தைகளை ஓரிடத்தில் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் ஊர்க் காப்பகங்கள். நம் ஊர் அங்கன்வாடி செய்கிற வேலைதான்.

பெட்டிச் செய்தி: சுட்டுவிட்டால்...

குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். பேனா மை, பற்பசை, இட்லி மாவு, மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம். வளையல், அரைஞாண், துணியை உடனே கழற்றுங்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். குழந்தையின் மற்ற உடம்பு குளிர்ந்துவிடாமல் போர்த்துங்கள். சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மண்ணெண்ணெய் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. பொத்தான் மாதிரி இருக்கும் பேட்டரியை விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே ஓட வேண்டும், மலத்தில் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

நாய் கடித்தால் சோப்பு போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டுத் தடுப்பூசிக்குப் போங்கள். இந்தியாவில் பதிவாகும் வெறிநாய்க்கடி (ரேபிஸ்) நோயிலும் சாவிலும் 30 முதல் 60 சதவீதம் வரை 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு.

வைரல் ஆனது சரி, விபத்து குறைந்ததா?

பாதுகாப்பு கேம் என்றதும் விளம்பர உலகம் முதலில் சொல்லும் பெயர் ‘டம்ப் வேஸ் டு டை’. மெல்பர்ன் மெட்ரோ ரயில் நிறுவனம் 2012 நவம்பரில் வெளியிட்ட கார்ட்டூன் பாட்டு அது. முட்டாள்தனமாகச் சாகும் குட்டிக் குட்டி உருவங்கள். அடுத்த வருடம் கான் விளம்பர விழாவில் ஐந்து உச்ச விருதுகள். செல்போன் கேமாகவும் வந்து சக்கைப்போடு போட்டது. விரலால் தட்டி அந்த உருவங்களைச் சாவிலிருந்து காப்பாற்ற வேண்டும்.

பாட்டு எல்லோர் வாயிலும் இருந்தது. அதனால் தண்டவாளத்தில் விபத்து குறைந்ததா என்பதில் மட்டும் சர்ச்சை ஓயவில்லை. நிறுவனம் குறைந்தது என்றது. அதற்கு இந்தப் பாட்டுதான் காரணம் என்று எப்படிச் சொல்வது என்று விமர்சகர்கள் கேட்டார்கள். டவுன்லோடு எண்ணிக்கையை வைத்து ஒரு பாதுகாப்பு கேமை மெச்சுவது, கூட்டத்தைப் பார்த்து ஓட்டை எண்ணுவது மாதிரிதான்.

கேம் தப்பையும் சொல்லிக்கொடுக்கும். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளை ‘மைன்கிராஃப்ட்’ ஆட வைத்தார்கள். ஒரு பிரிவுக்குத் துப்பாக்கி உள்ள வடிவம், ஒன்றுக்கு வாள், ஒன்றுக்கு வன்முறையே இல்லாதது. பிறகு பொம்மைகள் நிறைந்த அறையில் விளையாட விட்டார்கள். அலமாரிக்குள் செயலிழக்கச் செய்த நிஜத் துப்பாக்கிகள் ஒளிந்திருந்தன. துப்பாக்கி வடிவம் ஆடிய பிள்ளைகள், வன்முறை இல்லாத வடிவம் ஆடியவர்களைவிட அதிக நேரம் துப்பாக்கியைக் கையில் வைத்திருந்தார்கள், அதிகமுறை விசையை இழுத்தார்கள். 2019-இல் வெளியான முடிவு இது. நல்லதைக் கற்றுத்தர கேம் திணறுகிறது, கெட்டதை மட்டும் எளிதாகக் கடத்துகிறதோ என்று எரிச்சல் வரத்தான் செய்கிறது.

பொருளை மாற்றியவர்கள்

கேம், பாட்டு, போஸ்டர் எல்லாம் மனிதரை மாற்றப் பார்ப்பவை. பொருளை மாற்றியவர்கள் சத்தமில்லாமல் அதிக உயிரைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

நியூயார்க்கில் அடுக்குமாடி ஜன்னலிலிருந்து குழந்தைகள் விழுந்து செத்துக்கொண்டிருந்தார்கள். 1972-இல் நகர சுகாதாரத் துறை, குழந்தை உள்ள வீடுகளுக்கு ஜன்னல் கம்பியை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. பிரான்க்ஸ் பகுதியில் இரண்டே ஆண்டில் அப்படி விழுவது பாதியாகக் குறைந்தது. 1976-இல் கம்பி போடுவது வீட்டுக்காரரின் கடமை என்று விதியே வந்தது. மாத்திரைப் புட்டிக்குக் குழந்தைகளால் எளிதில் திறக்க முடியாத மூடி வேண்டும் என்று 1970-இல் அமெரிக்கா சட்டம் போட்டதும் இதே வழிதான்.

இலங்கையில் நடந்தது இன்னும் நெருக்கமானது. மின்சாரம் இல்லாத வீடுகளில் காலி பாட்டிலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரி போட்ட குப்பி விளக்கு. சாய்ந்தால் உருளும், மூடி கழன்று எண்ணெய் கொட்டும், தீப்பிடிக்கும். அப்படி வெந்தவர்களுக்கு அறுவை செய்து அலுத்துப்போன டாக்டர் விஜய கொடகும்புர ஒரு விளக்கை வடிவமைத்தார். குட்டையாக, கனமாக, ரொட்டியில் தடவும் மார்மைட்டின் ஜாடி மாதிரி. இரண்டு பக்கம் தட்டை, அதனால் உருளாது. மூடி திருகு மூடி, அதனால் கொட்டாது. 1998-இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. அந்த விளக்கை வாங்கிய வீட்டில் யாரும் எந்தப் பாடமும் படிக்க வேண்டியிருக்கவில்லை.

நம் ஊரிலும் உதாரணம் இருக்கிறது, நினைத்தாலே நெஞ்சு பதறும் உதாரணம். 2004 ஜூலை 16, கும்பகோணம். பள்ளிச் சமையல் கூடத்தில் பிடித்த தீ ஓலைக் கூரைக்குத் தாவி 94 பிள்ளைகள் போனார்கள். அதற்குப் பிறகு செய்தவற்றில் உருப்படியானது எது என்று கேட்டால், பள்ளிகளிலிருந்து ஓலைக் கூரையைப் பிரித்துப் போட்டதைத்தான் சொல்வேன்.

வீட்டுப் பாதுகாப்பு பற்றி உலகம் முழுக்க நடந்த 98 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த, காக்ரன் என்கிற மருத்துவ ஆய்வு அமைப்பின் அறிக்கை ஒன்றும் உண்டு. வீட்டுக்கே ஆள் போய்ப் பேசுவதும், கூடவே கதவுத் தடுப்பு, அலாரம் போன்ற சாதனத்தைக் கையில் கொடுப்பதும் வீட்டுப் பழக்கத்தை மாற்றுகிறது என்றது அது. அறிவுரையோடு ஒரு தாழ்ப்பாளும் சேர்ந்து வர வேண்டும்.

தமிழில் ஒரு கேம் வந்தால்...

அதற்காக கேமே வேண்டாம் என்பதல்ல என் தீர்ப்பு. ஆறிலிருந்து பத்து வயதுக்கு அது நல்ல கருவி. தம்பி, தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நம் வீடுகளில் அந்த வயதில்தான் தலையில் விழுகிறது. ஆனால் ஆட்டத்தின் களம் நம் வீடாக இருக்க வேண்டும். காட்சி ஒன்று: அம்மா குக்கரை இறக்கிவிட்டு வாசலுக்குப் போகிறாள், தம்பி தவழ்ந்து வருகிறான், கேஸ் வாடை. லைட்டைப் போடுகிறாயா, ஜன்னலைத் திறக்கிறாயா, தம்பியைத் தூக்குகிறாயா? சுவிட்சைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது. முடிந்ததும் திரை இருண்டு, ‘இப்போது போனை வைத்துவிட்டு, உன் வீட்டு ரெகுலேட்டர் எங்கே இருக்கிறது என்று அப்பாவிடம் காட்டு’ என்று சொல்ல வேண்டும். காட்டிய பிறகு அப்பா அழுத்தினால்தான் அடுத்த கட்டம் திறக்க வேண்டும். இந்தக் கடைசிப் பகுதி இல்லாத கேம், ப்ளூ டாக்கின் கதைதான்.

கதைக்குப் பஞ்சமே வராது. சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவிலும் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலும் பணியாற்றும் டாக்டர்கள், நர்ஸ்களிடம் உட்கார்ந்து கேட்டால் ஒரு வருடத்துக்குத் தேவையான காட்சிகள் கிடைக்கும். தீயணைப்புத் துறை ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் நடத்துகிறது. 1944-இல் பம்பாய்த் துறைமுக வெடிவிபத்தில் உயிர்விட்ட தீயணைப்பு வீரர்களின் நினைவாக. அந்த வாரத்தில் பள்ளிக்கு வரும் வீரர்கள் சாக்கு நனைத்துத் தீ அணைத்துக் காட்டுகிறார்கள். பிள்ளைகள் கை தட்டுகிறார்கள். அதோடு பள்ளிக் கம்ப்யூட்டரில் ஓர் ஆட்டமும், வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு பக்கச் சோதனைத் தாளும் சேர்ந்தால் வாரம் முழுமையாகும்.

பெட்டிச் செய்தி: டவுன்லோடு செய்யும் முன்

பெற்றோர் ஒரு தடவை முழுக்க ஆடிப் பாருங்கள். நடுநடுவே விளம்பரம் வந்தால் அழித்துவிடுங்கள். தப்பான விடைக்கு வேடிக்கையான அனிமேஷன் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பிள்ளை வேண்டுமென்றே தப்பாகத் தட்டும், அதுதான் அதற்குப் பிடிக்கும். லொக்கேஷன், கான்டாக்ட் லிஸ்ட் கேட்கும் கேம் எதற்கு? சார்ஜில் போட்டபடி ஆடக் கொடுக்காதீர்கள்.

அரசுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளிக் கல்வித் துறையும் தீயணைப்புத் துறையும் சேர்ந்து தமிழில் ஒரு வீட்டுப் பாதுகாப்பு கேமைச் செய்யச் சொல்லுங்கள். செய்தபின் எத்தனை லட்சம் டவுன்லோடு என்று விழா எடுக்க வேண்டாம். இரண்டு மாவட்டங்களில் கொடுத்து, இரண்டில் கொடுக்காமல் வைத்து, ஒரு வருடம் கழித்து அரசு மருத்துவமனைகளில் குழந்தைத் தீக்காயக் கணக்கு என்ன என்பதை வெளியிடுங்கள். குறையவில்லை என்றாலும் வெளியிடுங்கள்.

வாசகர்களுக்கு: அதுவரை காத்திருக்க வேண்டாம். பழைய தூளியை இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள், சம்ப் மூடிக்குப் பூட்டு வாங்குங்கள், மண்ணெண்ணெயையும் கற்பூரத்தையும் மேல் அலமாரிக்கு ஏற்றுங்கள். தீ என்றால் 101, ஆம்புலன்ஸ் 108, எந்த அவசரத்துக்கும் 112. இந்த மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதி, பிள்ளையின் கண் உயரத்தில் ஒட்டிவையுங்கள். ஒட்டியபின், ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். கூடவே வீட்டு முகவரியையும்.